படத்தில் இருந்த வீடு



மலைப் பங்கில் பணியாற்றும் குருவுக்கு ஏப்ரல், மே மாதங்களில் திருப்பலி, திருமணம், அடக்கம் ஆகியவற்றோடு நான்காவது பணியாக வழிகாட்டி வேலையும் வந்து சேர்ந்துவிடும். சமவெளியில் வெயில் ஏற ஏற, பங்கு மக்களின் உறவினர்கள் மலையேறி வருவார்கள். "சாமி, எங்கள் மாமா மூன்று நாள்தான் இருப்பார், எதையெல்லாம் காட்டலாம்?" என்று கேட்டு வருவோருக்காகவே நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். கொடைக்கானல் ஏரி, கோக்கர் நடைபாதை, குறிஞ்சி ஆண்டவர் கோயில், செண்பகனூர் அருங்காட்சியகம், சலேத் மாதா ஆலயம் என்று அது நீளும். சென்ற ஆண்டு வந்த ஒரு விருந்தாளி அந்தப் பட்டியலைத் திருத்திவிட்டார். அவரும் அவருடைய தம்பியும் இசைவு தந்தமையால், பெயர் சொல்லாமல் அந்த நிகழ்ச்சியை இங்கே எழுதுகிறேன்.

தம்பி என் பங்கைச் சேர்ந்தவர். எழுபதை நெருங்கும் வயது. இலங்கையில் அட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் லயத்து வீட்டில் பிறந்தவர். அவருடைய முன்னோர் தமிழகத்திலிருந்து கூலிகளாக அங்கே சென்றவர்கள். 1948-ம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இத்தகைய மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. பின்னர், 1964 அக்டோபர் 30-ம் நாள் இரு நாட்டுப் பிரதமர்களும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றவர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பங்கிட்டது. எண்களைப் பங்கிடுவது எளிது. ஆனால் ஒரே அடுப்பில் சோறுண்டவர்களும் அந்தக் கணக்கில் இரண்டு பக்கமாகப் போனார்கள். இந்தக் குடும்பத்தில் தம்பிக்கு இந்தியா வாய்த்தது. அக்காள் புகுந்த வீட்டாருக்கு இலங்கை வாய்த்தது. தாயார் மகளோடு தங்கிவிட்டார்.

1979-ல் தம்பி, மணமாகிச் சில மாதங்களே ஆன மனைவியோடு, தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார். மண்டபம் முகாமில் அவருக்குத் 'தாயகம் திரும்பியவர்' என்று பெயரிட்டுத் தாள் கொடுத்தார்கள். அந்தத் தாயகத்தை அவர் அதற்கு முன் ஒருநாளும் கண்டதில்லை. பாட்டனாரின் ஊரில் அவரை அறிந்தவர் எவருமில்லை. வெயிலும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கொடைக்கானலில் பனியும் குளிரும் ஏரியும் உண்டு, நம் மலைநாட்டைப் போலவே இருக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு இங்கே வந்து சேர்ந்தார். அப்படி வந்தவர்கள் இம்மலையில் பலர்.

சென்ற ஆண்டு அக்காள் கொழும்பிலிருந்து விமானத்தில் மதுரைக்கு வந்து, அங்கிருந்து மலையேறினார். கையில் கடவுச்சீட்டும் விசாவும் இருந்தன. உடன்பிறந்தவரை அயல்நாட்டாராக வந்து பார்க்க நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. தம்பி ஒரு ஜீப்பை அமர்த்தியிருந்தார். "சாமி, நீங்களும் வந்தால் நன்றாயிருக்கும்; எனக்கு வரலாறு சொல்லத் தெரியாது" என்றார். நானும் மகிழ்ச்சியோடு ஏறிக்கொண்டேன்.

ஏரிக்கரையில் என் பாடத்தைத் தொடங்கினேன். 1845-ல் அமெரிக்க மறைப்பணியாளர்கள் முதல் இரண்டு பங்களாக்களை இங்கே கட்டியதையும், 1863-ல் மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்சு துரை ஓடைகளைத் தடுத்து ஏரியை உண்டாக்கியதையும் சொன்னேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கள் நுவரெலியாவிலும் ஒரு துரை கட்டிய ஏரி இருக்கிறது, சாமி" என்றார். உண்மைதான், ஆளுநர் கிரகரி 1873-ல் அமைத்த ஏரி அது. குறிஞ்சி ஆண்டவர் கோயிலில், அதை 1936-ல் எழுப்பிய லீலாவதி அம்மையார் இலங்கைப் பெருமகன் சர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் என்றும், வெள்ளையர் குலத்தில் பிறந்து சைவம் தழுவியவர் என்றும் சொன்னேன். "அப்படியானால் இவரும் எங்கள் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கிறார்" என்று சிரித்தார். சலேத் மாதா ஆலயத்தில் நெடுநேரம் முழந்தாளிட்டிருந்தார். 1866-ல் சேசு சபைக் குரு சேன் சீர் அடிகள் கட்டிய ஆலயம் அது. பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் 1846-ல் தேவமாதா காட்சி தந்ததாகப் போற்றப்படும் ஊரின் பெயரை, கடல் கடந்து வந்தவர்கள் இந்த மலைக்கும் இட்டார்கள்.

மாலையில் ஏரிக்கரைக்கே திரும்பினோம். தேநீர் அருந்தியபின் அந்த அம்மாள் கைப்பையைத் திறந்து, நெகிழித்தாளில் சுற்றிய பழைய புகைப்படம் ஒன்றை எடுத்தார். கம்பளிச் சட்டை அணிந்த இளைஞர் ஒருவர் ஓட்டுக்கூரை போட்ட பெரிய பங்களாவின் முன்னே நிற்கிறார், பக்கத்தில் பூந்தொட்டிகள்.

"தம்பி, எல்லாம் பார்த்தாயிற்று. இந்த வீடு எங்கே இருக்கிறது? இதைத்தான் பார்க்க வந்தேன். அம்மா சாகும்வரை இதைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்."

தம்பி தலை குனிந்தார். ஜீப் ஓட்டுநர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்குக் காட்டுகிறேன், அக்கா" என்ற ஒரு சொல் மட்டும் அவர் வாயிலிருந்து வந்தது. அன்றிரவு பங்கு இல்லத்திற்கு வந்து, "சாமி, காலையில் நீங்கள் கூட இருக்க வேண்டும்" என்று கேட்டுக்கொண்டார்.

மறுநாள் நாங்கள் சென்ற இடம் என் பட்டியலில் இல்லாதது. பாதை முடிந்தபின் அரைமணி நேரம் நடந்தோம். ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து இம்மலைகளில் பயிராக்கப்பட்ட வாட்டில் மரங்கள் இருபுறமும் நின்றன. அவற்றின் பட்டை தோல் பதனிட உதவுவது. ஓர் ஓடையருகே, புல் மூடிய மேட்டைத் தம்பி சுட்டிக் காட்டினார்.

"அக்கா, நான் இருந்த வீடு இதுதான்."

மரம் வெட்டும் குத்தகைக்காரர் ஒருவர் முன்பணம் கொடுத்து அவரையும் மனைவியையும் இங்கே கொண்டுவந்தார். கழிகளை நட்டு, நெகிழித்தாளைப் போர்த்திய கொட்டகையில் வாழ்வு. அரிசியைக் கணக்கில் எழுதிக்கொண்டு கொடுப்பார்கள். கணக்குப் புத்தகமோ அவர்கள் கையில். மரம் விழ விழக் கடன் ஏறிற்று. கடன் தீராமல் காட்டை விட்டு வெளியேற முடியாது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆயினும் கொடைக்கானல் காடுகளில் தாயகம் திரும்பியோர் பலர் அந்த நிலையில் இருந்தது 1980-களில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. விடுவிக்கப்பட்டவர்களுள் இவரும் ஒருவர். பின்னர்க் கூலி வேலை செய்து, குத்தகை நிலத்தில் உருளைக்கிழங்கும் பூண்டும் பயிரிட்டு, இப்போதிருக்கும் இரண்டு அறை வீட்டைக் கட்டினார்.

படத்தில் இருந்த பங்களா, 1981-ல் அவர் விறகு சுமந்துகொண்டு போட்ட வீடு. கம்பளிச் சட்டை இரவல். "அதை என் வீடென்று நான் எழுதவில்லை. படத்தை மட்டும் அனுப்பினேன். அம்மா நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன்."

அக்காள் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு முதலில் வந்தது சினம். "1985-ல் அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்தார். நீ வருவாய் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கப்பல் நின்றுவிட்டது என்று சொன்னோம். அவ்வளவு பெரிய வீடு வைத்திருப்பவனுக்கு விமானத்துக்குப் பணமில்லையா என்று கேட்டார். நாங்களும் உன்னைத் திட்டினோம். இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?"

தலைமன்னார்க் கப்பல் போரின் காரணமாக 1984-ல் நின்றது மெய். ஆனால் கப்பல் ஓடியிருந்தாலும் அந்த மகனால் போயிருக்க முடியாது என்பதை மேட்டருகே நின்ற மூவரும் அப்போது உணர்ந்தோம். வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அந்த அம்மாள் ஒரு கல்லின்மேல் அமர்ந்து, தாழ்ந்த குரலில், "நானும் எழுதவில்லையே" என்றார். 1983 ஜூலைக் கலவரத்தில் மலைநாட்டுக் கடைவீதிகளும் எரிந்தபோது, 'எங்கள் பக்கம் ஒன்றுமில்லை' என்று தம்பிக்குக் கடிதம் போட்டவர் அவரே. அந்தக் கடிதத்தை எழுதிய வாரத்தில் பிள்ளைகளோடு தேயிலைச் செடிகளுக்கிடையே இரண்டு இரவுகள் ஒளிந்திருந்தாராம். தம்பிக்கு அது அன்றுதான் தெரியும்.

இருவரும் ஒருவரையொருவர் ஏமாற்ற எண்ணியவர்களல்லர். மற்றவர் கவலைப்படக்கூடாதே என்ற அன்பினால் மறைத்தார்கள். ஆயினும் அந்த மறைப்பிலிருந்தே, ஒரு தாயின் கடைசி நாள்களைக் கசப்பாக்கிய மனத்தாங்கல் முளைத்தது. துன்பத்தைச் சொல்லியிருந்தால் அந்தத் தாய் அழுதிருப்பார்; ஆனால் மகன் மறந்துவிட்டான் என்று எண்ணியிருக்கமாட்டார்.

இதைப் படிக்கும் பல குடும்பங்களின் பிள்ளைகள் இன்று வளைகுடா நாடுகளிலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். பெற்றோர் விமானமேறிச் சென்று சில வாரங்கள் தங்கி வருகிறார்கள். துபாயில் 828 மீட்டர் உயரக் கோபுரத்தையும், கனடாவில் நயாகரா அருவியையும் பார்த்துவிட்டு வந்து, கைப்பேசியில் எனக்கும் படம் காட்டுகிறார்கள். மகிழ்ச்சியே. ஆனால், "மகன் எங்கே வேலை செய்கிறான், எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறான், யாரோடு பேசுகிறான்?" என்று நான் கேட்டால், பலருக்கும் விடை தெரிவதில்லை. பிள்ளை காட்டவில்லை, இவர்களும் கேட்கவில்லை. இவர்களும் தங்கள் பங்குக்கு, ஊரில் அடகு வைத்த நிலத்தையும் மருத்துவர் சொன்ன செய்தியையும் மறைத்துவிட்டே விமானமேறியிருக்கிறார்கள்.

கன்னி மரியாள் மலைநாட்டுக்கு விரைந்து சென்று, எலிசபெத்தம்மாளோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்கியதை லூக்கா எழுதியிருக்கிறார். எந்தெந்த இடங்களைச் சுற்றிப் பார்த்தார்கள் என்று அவர் எழுதவில்லை. இரண்டு பெண்கள் தங்கள் நிலையை ஒருவர்க்கொருவர் ஒளிக்காமல் சொல்லிக்கொண்டதைத்தான் எழுதினார்.

ஆகவே, அயலூரில் வாழும் பிள்ளைகளே, உங்களவர்கள் வரும்போது அருவியையும் கோபுரத்தையும் தாராளமாகக் காட்டுங்கள். அத்துடன் ஒரு நாளை உங்கள் மெய்யான வாழ்வுக்கென ஒதுக்குங்கள். முதன்முதலில் தங்கிய அறை, ஏறும் பேருந்து, அரிசி வாங்கும் கடை, மனம் தளர்ந்தபோது போய் உட்கார்ந்த இடம் இவற்றைக் காட்டுங்கள். பெற்றோரே, கேட்கத் தயங்காதீர்கள். அதற்கு முன் உங்கள் வீட்டுச் செய்தியை ஒளிக்காமல் சொல்லுங்கள். அதைக் கேட்டபின் பிள்ளைக்கும் வாய் திறக்கும்.

அந்த அம்மாள் ஊர் திரும்புமுன், தம்பியின் இரண்டு அறை வீட்டு வாசலில் எல்லாரையும் நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னார். இரவல் சட்டை வேண்டாம் என்று கண்டிப்பாகக் கூறிவிட்டார். தம்பி பூண்டுக் காட்டில் வேலை செய்த மண்ணுடனேயே வந்து நின்றார். பழைய படத்தை எடுத்துவிட்டு, அட்டன் வீட்டில் தாயின் படத்தருகே இதை மாட்டியிருப்பதாகச் சென்ற வாரம் தொலைபேசியில் சொன்னாராம்.

என் பட்டியலை நான் இன்னும் வைத்திருக்கிறேன். ஆனால் கேட்டு வருவோரிடம் அதைக் கொடுக்குமுன், "உங்கள் வீட்டை முதலில் காட்டினீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.