அடுப்பிலே உயர்வு தாழ்வு ஏது?

ஏற்காட்டு மலையும் அடிவாரமும் சேலம் நகரமும் சேர்ந்த நமது வட்டாரத்தில் எத்தனை விதமான சமையல்! மலைமேல் மலையாளி என்று வழங்கும் பழங்குடி மக்கள் சாமையை உரலில் குத்தி, முறத்தில் புடைத்துச் சோறாக்குவார்கள். அடிவாரத்துக் கிராமங்களில் கேழ்வரகு மாவைக் கொதிநீரில் கொட்டி, கோலால் கிண்டிக் களி உருட்டுவார்கள். கட்டிட வேலைக்குப் பீகாரிலிருந்து வந்த தொழிலாளி, தகரக் கொட்டகையில் கோதுமை மாவைப் பிசைந்து ரொட்டி சுடுகிறான்.

இந்த வித்தியாசங்கள் எங்கிருந்து வந்தன? மண்ணிலிருந்தும் உழைப்பிலிருந்தும் வந்தன. பாசன வசதியற்ற மலைச்சரிவில் சாமைதான் விளையும். விடியலில் காப்பித் தோட்டத்துக்குப் போகிற பெண்ணுக்கு, பொழுது சாயும் வரை பசி தாங்க ஒரு உருண்டை களி வேண்டும். இதில் எது உயர்ந்தது? எது தாழ்ந்தது?

ஆனால் இந்தச் சமுதாயம் அடுப்பையும் படிக்கட்டாக அடுக்கி வைத்திருக்கிறது. களி ஏழையின் சாப்பாடு, ரொட்டி ‘இந்திக்காரன்’ சாப்பாடு என்று இளப்பம் பேசுகிறது. அதைவிடக் கொடியது, என்ன சமைத்தார்கள் என்று பாராமல், யார் சமைத்தார்கள் என்று பார்ப்பது!

இது பழைய நோய். சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்து, இராசிபுரத்தில் பிறந்த டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் 1925ல் தமிழகத்தையே உலுக்கினார்கள். அதற்குப் பின் தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் நோய் தீர்ந்ததா?

2018 ஜூலையில், அவினாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், சத்துணவு சமைக்க வந்த அருந்ததியப் பெண்ணை ஆதிக்க ஜாதியினர் தடுத்தார்கள். அதிகாரிகள் செய்த முதல் காரியம் என்ன? சட்டத்தை மீறியவர்களை விட்டுவிட்டு, அந்தப் பெண்ணை இடமாற்றம் செய்ததுதான்! தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் ஜனநாயக சக்திகளும் போராடிய பிறகே உத்தரவு ரத்தாயிற்று, வழக்கும் பதிவாயிற்று.

2022ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தையும் இந்த நஞ்சு தீண்டியது. சமைத்தவர் தாழ்த்தப்பட்ட ஜாதிப் பெண் என்பதால், எட்டயபுரம் வட்டாரத்து உசிலம்பட்டியில் குழந்தைகள் உண்ண மறுத்ததாக 2023 செப்டம்பரில் செய்தி வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி நேரில் சென்று குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். நல்ல காரியம். ஆனால் ஒரு நாள் பந்தி போதுமா? பசித்த குழந்தைக்குத் தானாக ஜாதி தெரியாது. வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கொடுப்பதுதான்.

இதனால் லாபம் யாருக்கு? கூலி உயர்வு கேட்கும்போது மலையாளியும் அருந்ததியரும் கவுண்டரும் வன்னியரும் பீகார்த் தொழிலாளியும் ஒன்றாக நிற்க வேண்டும். ஒரு சட்டியில் வெந்ததைப் பகிர்ந்து உண்ண மறுக்கிறவர்கள் ஒரு கொடியின்கீழ் எப்படித் திரளுவார்கள்? அவர்கள் பிரிந்து கிடப்பது முதலாளிக்கே சௌகரியம்.

ஆகவே நாம் கோருவது:

சமையலரின் ஜாதியைச் சொல்லி எங்கே தகராறு எழுந்தாலும் சமையலரை மாற்றக் கூடாது. தடுத்தவர்கள்மீது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாய வேண்டும்.

2023ல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் கேழ்வரகு வழங்கத் தொடங்கிய அரசு, சேர்வராயன் மலையின் சாமைக்கும் நியாய விலை கொடுத்துக் கொள்முதல் செய்ய வேண்டும். உமி நீக்கும் இயந்திரம் மலைக் கிராமந்தோறும் வேண்டும். குத்திக் குத்திப் பெண்களின் கை காய்த்தது போதும்!

சர்க்கார் செய்யட்டும் என்று நாமும் சும்மா இருக்க முடியாது. சங்கக் கூட்டமானாலும் மே தினமானாலும், எல்லோரும் சேர்ந்து சமைத்து, எல்லோரும் ஒரே பந்தியில் உண்பதை வழக்கமாக்குவோம். களியும் இருக்கட்டும், சாமைச் சோறும் இருக்கட்டும், ரொட்டியும் இருக்கட்டும். பந்தி மட்டும் ஒன்றாக இருக்கட்டும்!