சாவியோடு இன்ஷூரன்ஸ் தாளையும் கேளுங்கள்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் சவூதிக்கு டிரைவராகக் கிளம்புகிறார் என்றால், ஏஜெண்டிடம் அவர் என்ன கேட்பார் என்பது எனக்கு மனப்பாடம். சம்பளம் எவ்வளவு? சாப்பாடு யார் செலவு? ரூமில் ஏ.சி. உண்டா? இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை டிக்கெட் போடுவார்களா? ஓட்டப்போகும் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்ட ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஏஜெண்டும் சொல்வதில்லை. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி அனுப்புகிற நம் அரசாங்கத்துக்கும் அதில் அக்கறை இல்லை.

தம்மாமில் ஒரு கட்டுமான கம்பெனிக்கு டிரெய்லர் ஓட்டியவன் நான். அரபி ஓரளவு பேச வரும் என்பதால், ஊர்ப் பையன்கள் யார் எங்கே வண்டியை இடித்தாலும் போன் எனக்குத்தான் வரும். முரூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. முரூர் என்றால் போக்குவரத்துப் போலீஸ். சவூதியில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

வண்டிக்கு வண்டி உரசல், யாருக்கும் காயமில்லை, இரண்டுக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. நஜ்ம் என்ற நிறுவனத்தின் ஆள் வருவார், படம் எடுப்பார், கையெழுத்து வாங்குவார், போய்விடலாம். ரத்தம் பார்த்தால் கதை வேறு. அப்போது முரூர்தான். அதிகாரி வந்து சாலையை வரைந்து, டயர் தடத்தை அளந்து, யார் மேல் எவ்வளவு தப்பு என்று சதவீதம் போடுவார்: 25, 50, 75, 100. நம் ஊரில் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் வருஷக்கணக்கில் அலசுகிற விஷயத்தை, அங்கே பெரும்பாலும் அந்த ஒரு எண் தீர்த்துவிடுகிறது. மொழி தெரியாத நம் ஆள் அந்த நேரத்தில் அழுதுகொண்டு நிற்பான், அல்லது எதைக் கேட்டாலும் "ஐவா, ஐவா" என்று தலையாட்டுவான். ஐவா என்றால் ஆமாம். அந்த ஆமாமுக்கு என்ன விலை என்று அவனுக்குத் தெரியாது.

ஆள் இறந்திருந்தால் வழக்கு இரண்டாகப் பிரியும். ஒன்று ஹக் ஆம், அரசாங்கத்தின் பங்கு. பெரிய விதிமீறலால் சாவு நேர்ந்திருந்தால் 4 ஆண்டு வரை சிறையும் 2 லட்சம் ரியால் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. இன்னொன்று ஹக் காஸ், இறந்தவர் குடும்பத்தின் பங்கு. தியா என்கிற ரத்தப்பணம் இதில்தான் வருகிறது. பழைய மரபில் நூறு ஒட்டகம். அதற்கு ஈடான பணமாக நெடுங்காலம் ஒரு லட்சம் ரியால் இருந்தது. ஒட்டக விலை ஏறியதால் 2011-இல் விபத்துச் சாவுக்கு 3 லட்சம் ரியால் என்று உயர்த்தினார்கள். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் இது தனித்தனி. குடும்பம் மன்னித்து எழுதிக் கொடுத்தால் தியா இல்லை. அப்படி எழுதிக் கொடுத்த பெரிய மனதுக்காரர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அதை நம்பி ஒருவன் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டு டிரைவர் ஒருவருக்கு மாதம் 1500 ரியால் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். முழுத் தப்பும் அவர் மேல் விழுந்தால், ஒரு ரியால்கூடச் செலவழிக்காமல் சேர்த்தாலும் 3 லட்சம் சேர 16 வருஷம் 8 மாதம் ஆகும். 25 சதவீதம் மட்டுமே என்றாலும் 75 ஆயிரம் ரியால். அந்தக் கணக்குத் தீரும்வரை ஊர் திரும்ப முடியாது. அப்பா செத்தாலும் முடியாது.

இதற்குத்தான் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. சவூதியில் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். வண்டிக்கு அது இருந்து, டிரைவர் ஒழுங்காக ஓட்டியும் விபத்து நடந்திருந்தால், தியாவை இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டிவிடும். ஊர் திரும்பிய எத்தனையோ பேர் அந்தத் தாளின் தயவில் திரும்பியவர்கள்தான். ஆனால் தாளைப் புதுப்பிக்க வேண்டியவர் வண்டியின் சொந்தக்காரர். புதுப்பிக்காமல் விட்டால் அவருக்கு என்ன ஆகும்? 2023 அக்டோபரிலிருந்து காப்பீடு இல்லாத வண்டிகளைக் கம்ப்யூட்டரே கண்டுபிடித்து அபராதம் போடுகிறது. 100-லிருந்து 150 ரியால் வரை. சொந்தக்காரர் சோம்பலுக்கு 150 ரியால், டிரைவர் தலைக்கு 3 லட்சம்.

தாள் இருந்தும் மாட்டிக்கொள்கிறவர்கள் இன்னொரு வகை. இதைப் பற்றித்தான் ஊரில் யாருமே பேசுவதில்லை. டிரைவர் போதையில் இருந்தாலோ, அந்த வகை வண்டிக்கு உரிய ருக்ஸா, அதாவது லைசென்ஸ், அவரிடம் இல்லாவிட்டாலோ, விபத்து நடந்த இடத்தைவிட்டு ஓடியிருந்தாலோ, இன்ஷூரன்ஸ் கம்பெனி இறந்தவர் குடும்பத்துக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அதைத் திருப்பிக் கேட்கும். போதையும் ஓட்டமும் நம் கையில் இருக்கின்றன. நடுவில் இருக்கிற ருக்ஸா விஷயம்தான் படுகுழி.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துத் தம்பி ஒருவன். ஹவுஸ் டிரைவர் விசா. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவதும் அம்மாவைக் கடைக்கு அழைத்துப் போவதும்தான் வேலை என்று சொல்லி எடுத்தார்கள். கஃபீலுக்கு, அதாவது விசா கொடுத்த முதலாளிக்கு, காய்கறி வியாபாரமும் இருந்தது. இரண்டாம் மாதத்திலிருந்து விடியற்காலை மார்க்கெட்டுக்கு டைனா எடுத்துப் போகச் சொன்னார். டைனா என்பது நம் ஊர் மினி லாரி மாதிரி. தம்பியிடம் இருந்ததோ கார் ஓட்டுகிற ருக்ஸா. "எனக்கு இது ஆகாது பாபா" என்று சொல்ல அவனுக்கு வாயும் வரவில்லை, தைரியமும் வரவில்லை. இகாமா என்கிற தங்கும் அனுமதி அட்டை கஃபீல் கையில் இருக்கும்போது யாருக்கு வரும்? ஒருநாள் விடியலில், சாலையைக் கடந்த ஒரு தொழிலாளி மேல் மோதி, அவர் இறந்துபோனார். முரூர் போட்டது 50 சதவீதம். இன்ஷூரன்ஸ் உயிரோடு இருந்தது, கம்பெனி கட்டியது. அப்புறம் ருக்ஸாவைப் பார்த்துவிட்டு ஒன்றரை லட்சம் ரியாலைத் திருப்பிக் கேட்டது. கஃபீல் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். மாதக்கணக்கில் அலைந்த பிறகு, கஃபீலின் அண்ணன், நல்ல மனிதர், தலையிட்டுப் பாதியை ஏற்றுக்கொண்டார். மீதிக்கு ஊரில் தம்பியின் அப்பா நாலு மா நிலத்தை விற்றார். ஆற்றுப் பாசன நிலம். வாங்கியவர் அதில் பிளாட் போட்டிருக்கிறார் என்று கேள்வி.

வீட்டு டிரைவர்கள் சவூதி தொழிலாளர் சட்டத்துக்குள்ளேயே வரமாட்டார்கள். வீட்டு வேலைக்காரர்களுக்கென்று இருக்கிற தனி விதிகளில்தான் வருவார்கள். விசாவில் எழுதிய வேலை ஒன்று, கையில் கொடுக்கிற சாவி வேறொன்று என்பது இவர்களுக்குத்தான் அதிகம் நடக்கிறது.

ஓட்டத் தெரிந்தவனுக்கு எதற்கு இவ்வளவு பயம் என்று கேட்கலாம். நாம் இடப்பக்கம் போகிறவர்கள், அங்கே எல்லாம் வலப்பக்கம். பகலில் கூட்டத்தோடு போகும்போது தப்பு வராது, முன்னால் போகிற வண்டி வழி காட்டிவிடும். ஆளில்லாத அதிகாலையில் பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போதுதான் கை பழைய பக்கத்துக்குத் திரும்பும். பத்து வருஷம் ஓட்டியவனுக்கும் திரும்பும். ரவுண்டானாவுக்குள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பதும், ஹாரன் அடித்தவனுக்கே வழி என்று பழகிய நமக்கு ஏறச் சில மாதம் பிடிக்கும்.

இந்தக் கைப்பழக்கம் பணக்கார நாட்டுக்காரரையும் விடாது. 2019 ஆகஸ்ட் 27 அன்று இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில், அமெரிக்கர்கள் பயன்படுத்தும் குரோட்டன் விமானப்படைத் தளத்துக்கு வெளியே, அன் சகூலஸ் என்ற அமெரிக்கப் பெண் தன் ஊர் வழக்கப்படி வலப்பக்கமாகக் காரை ஓட்டிப் போனார். எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த 19 வயது ஹாரி டன் இறந்துபோனார். தூதரக விலக்குரிமை இருக்கிறது என்று அமெரிக்கா சொல்ல, சில வாரங்களில் அவர் விமானம் ஏறிவிட்டார். ஹாரியின் பெற்றோர் மூன்று ஆண்டு போராடினார்கள். கவனக்குறைவாக ஓட்டிச் சாவுக்குக் காரணமானதை 2022-இல் அவர் ஒப்புக்கொண்டார். டிசம்பரில் தீர்ப்பு வந்தது: 8 மாதச் சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. தீர்ப்பைக் கேட்கக்கூட அவர் லண்டனுக்கு வரவில்லை. அமெரிக்காவிலிருந்து வீடியோவில் கேட்டார். அவரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் ஓர் அரசாங்கம் இருந்தது. டைனா ஓட்டிய தம்பிக்குப் பின்னால் இருந்தது நாலு மா நிலம்.

துபாயில் அதே 2019 ஜூன் மாதம் மஸ்கட்டிலிருந்து வந்த பேருந்து, உயரமான வண்டிகள் நுழையாமல் தடுக்கச் சாலையின் குறுக்கே வைத்திருந்த இரும்புத் தடுப்பில் மோதி 17 பேர் இறந்தார்கள். அவர்களில் 12 பேர் இந்தியர்கள். டிரைவர் ஓமான்காரர், அந்த ஊருக்கு அவரும் வெளிநாட்டவர்தான். அறிவிப்புப் பலகைக்கும் தடுப்புக்கும் இடையே போதிய தூரம் இல்லை என்று அவர் வக்கீல்கள் வாதாடினார்கள். கீழ் நீதிமன்றம் 7 ஆண்டு சிறையும், தலைக்கு 2 லட்சமாக 34 லட்சம் திர்ஹம் ரத்தப்பணமும் விதித்தது. தெரியாத ஊரில் ஒரு பலகையைத் தவறவிட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கோழிக்கோட்டுக்காரர் ஒருவரைச் சவூதி சிறையிலிருந்து மீட்க 2024-இல் கேரளமே சேர்ந்து 34 கோடி ரூபாய் திரட்டியது நினைவிருக்கும். 2006-இல் ஹவுஸ் டிரைவராகப் போனவர். அது சாலை விபத்து அல்ல. காரில் அழைத்துப் போன, உடல் நலமில்லாத சிறுவன் இறந்த வழக்கு. மலையாளிகளின் ஒற்றுமையை மெச்சத்தான் வேண்டும். ஆனால் தண்ணீர் லாரி டிரைவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மாநிலம் உண்டியல் ஏந்துமா?

நம் அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். குடிபெயர்வு அனுமதி வாங்கிப் போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய் கட்டினால், விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய். நல்ல திட்டம். ஆனால் அது டிரைவர் செத்தால் தருகிற பணம். டிரைவரால் ஒருவர் செத்தால் அதில் ஒரு பைசா கிடைக்காது. தோட்டக்காரருக்கும் கொத்தனாருக்கும் அது போதும். நாள் முழுக்க இரண்டு டன் இரும்பை மனிதர்களுக்கு நடுவே நகர்த்துகிறவருக்கு எப்படிப் போதும்? இன்னொன்று, பத்தாம் வகுப்பு தேறியவருக்கு அந்த அனுமதியே தேவையில்லை. நம் மாவட்டத்து டிரைவர்களில் பலர் பத்தாவது தேறியவர்கள்தான். அவர்கள் எந்த வலையிலும் சிக்காமல், அதாவது எந்தப் பாதுகாப்பிலும் சேராமல், நேரே விமானம் ஏறுகிறார்கள்.

அரசாங்கம் செய்ய வேண்டியது இதுதான். டிரைவர் வேலைக்கான ஒப்பந்தம் எதுவானாலும் எந்த வகை வண்டி, அதற்கு எந்த வகை ருக்ஸா, காப்பீடு யார் பொறுப்பு என்பது அதில் எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால், வெளிநாட்டு வேலை ஒப்பந்தங்களைப் பதிவுசெய்யும் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளம் அதை ஏற்கவே கூடாது. வேறு வகை வண்டியை ஓட்டவைத்து விபத்தானால் இழப்பு முதலாளியுடையது என்பதும் சேர வேண்டும். பத்தாவது தேறியவர்களை அயலகத் தமிழர் நல வாரியம் எடுத்துக்கொள்ளலாம். உறுப்பினராகச் சேரும் டிரைவருக்கு, பிறருக்கு நேரும் இழப்புக்கான காப்பீட்டையும், ராத்திரி இரண்டு மணிக்கும் போனை எடுத்து அரபியில் பேசுகிற ஓர் ஆளையும் கொடுத்தால் போதும். என்னைப் போன்ற அரைகுறை அரபிக்காரனை நம்பி முரூரில் கையெழுத்துப் போடுகிற நிலைமை இருக்கக் கூடாது.

சவூதி முதலாளி இதற்கெல்லாம் சம்மதிப்பாரா, வேறு நாட்டு ஆளை எடுத்துக்கொண்டு போய்விட மாட்டாரா என்று ஏஜெண்டுகள் கேட்பார்கள். வீட்டு வேலைக்குப் போகும் தன் பெண்களுக்கு மாதம் 400 டாலருக்குக் குறையக் கூடாது என்று பிலிப்பைன்ஸ் பிடிவாதம் பிடித்தபோதும் இதைத்தான் சொன்னார்கள். சவூதி சில காலம் அங்கிருந்து ஆள் எடுப்பதை நிறுத்திக்கூடப் பார்த்தது. பிறகு ஒப்புக்கொண்டது. நாம் கேட்பது சம்பள உயர்வுகூட இல்லை. அந்த நாட்டுச் சட்டமே கட்டாயம் என்று சொல்கிற ஒரு தாளின் நகல்.

அதுவரைக்கும், கிளம்புகிற தம்பிகள் ஒன்று செய்யலாம். சாவியைக் கையில் வாங்கும்போதே வண்டியின் பதிவுச் சான்றான இஸ்திமாராவையும் இன்ஷூரன்ஸ் தாளையும் போனில் படம் எடுத்து, தேதியைப் பார்த்து, வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வண்டி மாறினால் மறுபடியும் எடுங்கள். கஃபீல் முறைத்தால், ஊரில் அப்பா கேட்கிறார் என்று சொல்லுங்கள். அப்பா கேட்டார் என்றால் அங்கே பெரும்பாலும் மறுத்துப் பேச மாட்டார்கள்.