பரணில் கிடந்த கிதாரும் பிராண்டு மயக்கமும்

சென்ற பொங்கல் விழாவில், சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் அமர்ந்த இளம் தந்தை ஒருவர், "சார், பையன் எலெக்ட்ரிக் கிதார் கேட்கிறான். எந்த பிராண்டு வாங்கலாம்? நீங்கள் கிதாரெல்லாம் ரிப்பேர் செய்வதாகச் சொன்னார்களே!" என்று கேட்டார். பாயசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமா அது? "நம் சங்கப் பத்திரிகையில் எழுதுகிறேன்" என்று சொல்லித் தப்பித்தேன். ஆசிரியர் காதில் அது விழுந்துவிட்டது. ஆகவே இந்தக் கட்டுரை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சங்கீத வித்வான் அல்ல. மெக்கானிகல் டிப்ளமா படித்து, 1980-இல் ரயில்வேயில் சேர்ந்து, 38 வருடங்கள் பணிமனையில் சக்கரமும் அச்சும் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். நம் நாட்டு அகலப் பாதையில் ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் உள்பக்க இடைவெளி 1600 மில்லிமீட்டர். அதில் ஓரிரு மில்லிமீட்டர் பிசகினாலும் வண்டியை வெளியே விடமாட்டோம். அப்படிப்பட்டவன் தன் வீட்டில் செய்த ஒரு பெரிய பிழையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

1999-ஆம் வருடம். என் மகன் பதினொன்றாம் வகுப்பில் இருந்தான். பள்ளியில் நண்பர்கள் கிதார் வாசிப்பதைப் பார்த்துவிட்டு, தனக்கும் எலெக்ட்ரிக் கிதார் வேண்டும் என்று ஆறு மாதம் நச்சரித்தான். வெளிநாட்டுக் கிதாரின் விலையைக் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. ஆனால் கல்கத்தாவில் இருப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. லால்பஜாரை ஒட்டிய ரவீந்திர சரணியில் இசைக்கருவிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கிவ்சன், ஹோப்னர் போன்று இந்த ஊரிலேயே பிறந்து நாடு முழுவதும் போன கிதார்களைத் தவிர, அதிகம் பெயர் தெரியாத சிறு பட்டறைகளின் கிதார்களும் அங்கே கிடைத்தன. அப்படி ஒன்றை ஏறக்குறைய 3,000 ரூபாய்க்கு வாங்கினேன். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை; சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. நல்ல சிவப்பு வர்ணம், பளபளவென்று இருந்தது. நானும் அதைத்தான் பார்த்தேன்.

மூன்று மாதம் பையன் விழுந்து விழுந்து வாசித்தான். விரல் நுனியெல்லாம் தடித்துப் போயிற்று. பிறகு ஒரு நாள் வந்து, "அப்பா, கீழே வாசிச்சா சரியா இருக்கு. மேலே போனா சுருதி விலகுது" என்றான். "உனக்குக் காது இல்லேன்னு சொல்லு. கருவி மேல பழி போடாதே" என்றேன். மறுபடியும் ஒரு முறை சொன்னான். அப்போது பரீட்சை நேரம். படிப்பிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறான் என்று நினைத்துக் கோபமாகவே பேசிவிட்டேன். அதற்கப்புறம் அவன் சொல்லவில்லை. கிதார் பரணுக்குப் போயிற்று. "வாங்கிக் கொடுத்தேன், மூன்று மாதத்தில் விட்டுவிட்டான், நிலையான புத்தி இல்லை" என்று உறவுக்காரர்களிடம் பல வருடம் சொல்லித் திரிந்தேன்.

2020-இல் ஊரடங்கு வந்தது. வெளியே போக வழியில்லை. பரணைச் சுத்தம் செய்தபோது கிதார் கையில் அகப்பட்டது. சும்மா இருந்த கைக்கு ஒரு வேலை. பழைய எஃகு ஸ்கேலையும் ஃபீலர் கேஜையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. பையனின் காது சரி, கருவிதான் தப்பு.

வீணை வைத்திருக்கும் வீடுகளுக்கு இதை எளிதாகப் புரிய வைக்கலாம். வீணையில் 24 மெட்டுகள் மெழுகின் மேல் நிற்கின்றன. காலப்போக்கில் மெழுகு இளகி மெட்டு நகர்ந்தால் சுரம் பிசகும். உடனே ஆளைக் கூப்பிட்டு மேளம் கட்டச் சொல்கிறோம். வாசித்த பெண்ணைத் திட்டுவதில்லை. கிதாரிலும் அதே கணக்குதான், ஆனால் மெட்டுகள் உலோகமாக மரத்தில் அடித்து இறுக்கப்பட்டிருக்கும். பன்னிரண்டாவது மெட்டு, தந்தியின் சரிபாதியில் நிற்க வேண்டும். பாதித் தந்தி அதிர்ந்தால் மேல் ஸ்தாயி ஸட்ஜம். பெரும்பாலான எலெக்ட்ரிக் கிதார்களில் தந்தியின் நீளம் 648 மில்லிமீட்டர். ஆக, தலைப்பக்கத்திலிருந்து பன்னிரண்டாவது மெட்டு வரை 324. அங்கிருந்து குதிரை வரை இன்னொரு 324. விரலால் அழுத்தும்போது தந்தி சற்று விறைத்துச் சுருதி ஏறும் என்பதால், குதிரையை இன்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் தள்ளி வைப்பார்கள். தடித்த தந்திக்குக் கூடுதல், மெல்லிய தந்திக்குக் குறைவு. இதற்காகக் குதிரையில் தந்திக்கு ஒரு திருகு உண்டு.

எங்கள் கிதாரில் தலைப்பக்கம் 324 சரியாக இருந்தது. குதிரைப் பக்கம், திருகை முழுவதும் பின்னுக்கு இழுத்த பிறகும் 319-தான் வந்தது! குதிரையின் தகட்டையே முன்னால் தள்ளி முடுக்கிவிட்டார்கள். கணக்குப் போட்டால், பன்னிரண்டாவது மெட்டில் அரைச்சுர இடைவெளியில் ஏழில் ஒரு பங்கு அளவுக்குச் சுருதி ஏறிவிடும். அழுத்துவதால் ஏறுவது தனி. கீழ் மெட்டுகளில் இது அவ்வளவாகத் தெரியாது. மேலே போகப் போகத் தெரியும். பையன் சொன்னதும் இதே வார்த்தைகள்தான். போதாக்குறைக்குத் தந்திகள் பலகையிலிருந்து 4 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றன. அதில் பாதி இருந்தால் போதும். பிள்ளையின் விரல் ஏன் தடித்தது என்பதும் அப்போது புரிந்தது.

என் மனைவி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "வண்டிச் சக்கரத்தை அளக்கத் தெரிஞ்சவருக்கு இதை அன்னிக்கே அளக்கத் தோணலையா?" என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

பழுது பார்த்தது சுலபம்தான். குதிரையைக் கழற்றி, பழைய திருகு ஓட்டைகளை மரக்குச்சியும் பசையும் வைத்து அடைத்து, 7 மில்லிமீட்டர் பின்னால் தள்ளிப் புதிதாகத் துளைத்தேன். தலைப்பக்கப் பள்ளங்களைச் சிறு அரத்தால் இறக்கினேன். கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைக் கால் சுற்று இறுக்கியதும், வங்காளத்து ஈரத்தில் வளைந்திருந்த கழுத்து நேரானது. ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ விசையில் இழுக்கின்றன. கழுத்து வளைவதில் ஆச்சரியம் இல்லை. பிரடைகள் நிற்காமல் நழுவின, அவற்றை மாற்றினேன். எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்குள் முடிந்தது.

இப்போது அந்தக் கிதாரைப் பற்றி நேர்மையான மதிப்பீடு என்ன? கழுத்து மரம் நல்ல மரம். இருபது வருடம் பரணில் கிடந்தும் முறுக்கிக்கொள்ளவில்லை. மெட்டுகளின் இடைவெளி துல்லியம். நாதத்தை வாங்கும் பிக்கப், காந்தத்தின் மேல் செம்புக் கம்பி சுற்றிய எளிய சாதனம். எஃகுத் தந்தி அதன் முன் அதிர்ந்தால் மின்சாரம் பிறக்கும். ஃபாரடே சொன்ன அதே தத்துவம். மீட்டரில் 6,000 ஓம் காட்டியது, சரியான அளவு. ஒற்றைச் சுருள் ஆகையால் வீட்டு மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கிறது. விலை உயர்ந்த ஒற்றைச் சுருள் கிதார்களிலும் இந்தக் குறை உண்டு. இரைச்சலை அடக்க இரட்டைச் சுருள் முறையை கிப்சன் கம்பெனியின் சேத் லவர் 1955-இல் உருவாக்கினார். சுருங்கச் சொன்னால், பட்டறைக்காரர்கள் கஷ்டமான வேலைகளை ஒழுங்காகச் செய்துவிட்டு, கடைசி ஐந்து நிமிட வேலையில் கோட்டை விட்டார்கள். அளந்து பார்க்க ஒருவர் இல்லை. அவ்வளவுதான்.

என் கருத்து இதுதான். பெயர் தெரியாத கிதார் என்பதால் அது மட்டம் அல்ல. ஆனால் பெரிய பெயருக்குக் கொடுக்கும் பணம் வெறும் பெயருக்கு மட்டும் என்று சொல்வதும் நியாயம் அல்ல. அந்தப் பணத்தில் ஒரு பகுதி, கடைசியில் அளந்து பார்க்கிற ஆளுக்கான சம்பளம். சின்னப் பெயரை வாங்கினால் அந்த ஆளாக நாம் இருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் நஷ்டம் இல்லை.

பெரிய பெயர்களும் ஒரு காலத்தில் சின்னப் பெயர்கள்தானே? ஃபெண்டர் கிதாரை உருவாக்கிய லியோ ஃபெண்டர், கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிதார் வாசிக்கவே தெரியாது. கழுத்தைத் திருகாணிகளால் மாட்டும் அவருடைய அமைப்பு, பழுதானால் கழற்றி மாற்ற வேண்டும் என்று யோசிக்கிற மெக்கானிக்கின் மூளையில் உதித்தது. ஜப்பானின் இபானெஸ், 1970-களில் அமெரிக்கக் கிதார்களின் நகல்களுக்குப் பெயர் போனது. கிதாரின் தலை வடிவத்துக்காக 1977-இல் கிப்சனின் தாய்க் கம்பெனி அதன் மேல் வழக்குத் தொடுத்தது. அதன் பிறகு சொந்த வடிவங்களில் இறங்கி, பத்து வருடத்துக்குள் உலகின் முன்னணிக் கலைஞர்கள் கையில் ஏறியது. தென்கொரியாவின் கோர்ட் கம்பெனி பல பெரிய பெயர்களுக்குக் கிதார் செய்து கொடுத்துக்கொண்டே தன் பெயரிலும் விற்கிறது. ஒரே கம்பெனியின் வேலைக்கு இரண்டு பெயர், இரண்டு விலை!

"கிதார் நமக்கு எதற்கு, வீணை, வயலின் போதாதா?" என்று கேட்கும் பெரியவர்களும் நம் சங்கத்தில் உண்டு. வயலினும் கடல் கடந்து வந்ததுதான். பாலுஸ்வாமி தீக்ஷிதரும் வடிவேலுவும் அதை நம்முடையதாக்கினார்கள். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இரட்டைத் தந்திகளை நீக்கி, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக சங்கீதத்தைக் கொண்டு வந்தார். எலெக்ட்ரிக் கிதாரிலேயே சுகுமார் பிரசாத்தும், சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் படிப்புப் படித்த பிரசன்னாவும் கச்சேரி செய்திருக்கிறார்கள். கருவிக்கு ஜாதி இல்லை. சுருதி மட்டும்தான் உண்டு.

சரி, கடைக்குப் போனால் என்ன பார்ப்பது? ஒரு ஸ்கேலும், சுருதி காட்டும் செயலி உள்ள கைபேசியும் போதும். பன்னிரண்டாவது மெட்டுக்கு நேர் மேலே தந்தியை லேசாகத் தொட்டு மீட்டி, பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியாக வர வேண்டும். வராவிட்டால், குதிரைத் திருகில் பின்னால் நகர இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் இல்லையென்றால் அந்தக் கிதாரை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். கழுத்தைத் துப்பாக்கியைக் குறி பார்ப்பதுபோல் ஒரு கண்ணால் பாருங்கள். முறுக்கிக்கொண்டிருந்தால் வேண்டாம், வளைவு மட்டும் என்றால் சரி செய்யலாம். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி, கரகரப்பு வருகிறதா என்று கேளுங்கள். வர்ணத்தைக் கடைசியாகப் பாருங்கள்.

இன்னொன்று, இது உயிர் விஷயம். ஆம்ப்ளிஃபயர் பழுதானால் தந்தி வழியாக ஷாக் அடிக்கக்கூடும். மூன்று முள் பிளக், வேலை செய்யும் எர்த் இரண்டும் இல்லாமல் பிள்ளைகளை வாசிக்க விடாதீர்கள். இங்கே பழைய வாடகை வீடுகள் பலவற்றில் எர்த் வெறும் ஓட்டை மட்டும்தான். முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், பிறகு கிதார் வாங்குங்கள்.

கிதாரைச் சரி செய்த அன்று இரவு பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போன் செய்தேன். "நீ சொன்னதுதான் சரி. குதிரை 5 மில்லிமீட்டர் முன்னால இருந்தது. நான் பார்க்காம திட்டிட்டேன்" என்றேன். சிறிது நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "விடுங்கப்பா. இப்ப சரியாயிடுச்சா?" என்றான். அடுத்த முறை இங்கே வந்தபோது கிதாரை எடுத்து, முதல் வேலையாகப் பன்னிரண்டாவது மெட்டைத்தான் அழுத்திப் பார்த்தான். தலையை ஆட்டினான். பத்து நிமிடம் வாசித்தான், விரல் போகவில்லை. "கை மறந்துபோச்சுப்பா" என்று சொல்லி வைத்துவிட்டான். குதிரையை 7 மில்லிமீட்டர் நகர்த்த என்னால் முடிந்தது. அந்த இருபது வருடத்தை நகர்த்த முடியவில்லை.

பந்தியில் கேட்ட நண்பருக்கு என் பதில் இதுதான்: எந்த பிராண்டு என்பது இரண்டாவது கேள்வி. பிள்ளை "சரியாக இல்லை" என்று சொன்னால், திட்டுவதற்கு முன் ஒரு முறை அளந்து பாருங்கள். கிதாருக்கு மட்டும் சொல்லவில்லை. கணக்கு வரவில்லை என்றாலும், பள்ளி பிடிக்கவில்லை என்றாலும் அப்படித்தான்.

செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிறு காலை சங்கத்தின் நூலக அறையை இரண்டு மணி நேரம் கொடுத்தால், பிள்ளைகளின் கிதார்களைப் பார்த்துத் தர நான் தயார். கட்டணம் இல்லை. ஸ்கேலும் அரமும் நானே கொண்டு வருகிறேன். காப்பி மட்டும் சங்கத்தின் பொறுப்பு.