வாங்காது சென்றவர் கற்பிக்கும் பாடம்



கடை வைத்து வணிகம் செய்வோருக்குக் கண்ணே முதற் கணக்குப்பிள்ளை. வாயிலில் நின்று எட்டிப் பார்த்தவர் யார், பொருளைக் கையில் எடுத்தவர் யார், விலையைக் கேட்டதும் அதை வைத்துவிட்டுச் சென்றவர் யார் என்பதையெல்லாம் கடைக்காரர் இருந்த இடத்திலிருந்தே அறிந்துகொள்கிறார். இன்றோ, நம் குடும்பங்களுட் பல இணையதளத்தின் வழியே விற்பனையில் இறங்கியுள்ளன. கருப்பட்டி, பனையோலைப் பெட்டி, ஊறுகாய், தைத்த ஆடை என வீட்டிலே உருவாகும் பொருள்கள் தொலைவிலுள்ள ஊர்களுக்கும் செல்கின்றன. ஆனால், இங்கே வாடிக்கையாளரின் முகம் தெரிவதில்லை. வந்து பார்த்துவிட்டு வாங்காது திரும்பியவரைப் பற்றி நமக்கு யாதொன்றும் தெரிவதில்லை.

இதன் விளைவு யாது? விற்பனை குறைந்தவுடன், “விளம்பரம் போதவில்லை” என்று பலரும் முடிவு செய்துவிடுகின்றனர். சேமிப்பை எடுத்தும், சிலர் நகையை அடகு வைத்தும் இணைய விளம்பரத்திற்குப் பணம் கட்டுகின்றனர். ஓட்டை எங்கே என்று பாராமல் குடத்தில் மேலும் மேலும் நீர் வார்ப்பதை ஒத்தது இச்செயல்.

கண்ணால் காண இயலாததைக் கணக்கேட்டால் காணலாம். கூகுள் நிறுவனம் 2005ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட ‘அனலிட்டிக்ஸ்’ என்னும் கருவி, இத்தகைய கணக்கேட்டைக் கட்டணமின்றியே எழுதித் தருகிறது. தளத்திற்கு வந்தோர் எத்தனை பேர், எவ்வழியே வந்தனர், எந்தப் பக்கத்தைப் பார்த்தனர், கைப்பேசியில் பார்த்தனரா கணினியில் பார்த்தனரா என்பனவற்றை அது குறித்துவைக்கிறது. இதன் பழைய இலவச வடிவம் 2023ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளோடு பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. ஆகவே, அதற்கு முன்னரே அமைத்துவிட்டு மறந்திருப்போர், புதிய வடிவம் தம் தளத்தில் இணைக்கப்பட்டுள்ளதா எனச் சரிபார்த்தல் வேண்டும். நுணுகி ஆராய்வதற்குரிய விவரங்கள் அதில் தொடக்க அமைப்பின்படி 2 மாதங்களுக்கே காக்கப்படும். அதனை 14 மாதங்கள் என மாற்றிக்கொண்டால், இவ்வாண்டின் கிறிஸ்துமஸ் விற்பனையைச் சென்ற ஆண்டினதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொருளைக் கூடையில் இடுதல், பணம் செலுத்துதல் ஆகிய படிகளும் பதிவாகுமாறு, தளத்தை அமைத்துத் தந்தவரிடம் கேட்டுக்கொள்வதும் இன்றியமையாதது.

இக்கணக்கை எவ்வாறு வாசிப்பது? ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு மாதத்தில் 200 பேர் தளத்திற்கு வந்தனர். அவருள் 60 பேர் ஓலைப்பெட்டியின் பக்கத்தைத் திறந்தனர். 20 பேர் அதைக் கூடையில் இட்டனர். 2 பேரே பணம் செலுத்தினர் என வைத்துக்கொள்வோம். விளம்பரத்தால் 200 பேரை 400 ஆக்கினால் என்ன நேரும்? 4 பேர் வாங்குவர். 36 பேர் கூடையில் இட்டபின் திரும்பிச் செல்வர். குறை வருவோரின் எண்ணிக்கையில் இல்லை. கடைசிப் படியில் இருக்கிறது. அப்படியில் நின்று பார்த்தால், அதுவரை சொல்லப்படாத கூரியர் கட்டணம் அங்கேதான் முதன்முதலாகத் தோன்றுவதை நாம் காணக்கூடும். அக்கட்டணத்தைப் பொருளின் விலைக்கு அருகிலேயே எழுதிவைக்கச் செலவு ஏதுமில்லை.

அடுத்து, வாடிக்கையாளரின் சொல்லை அறிதல் வேண்டும். நாம் ‘பனைவெல்லம்’ என்று எழுதி வைத்திருப்போம். தேடுவோரோ ‘கருப்பட்டி’ என்று தேடுவர். கூகுளின் ‘சர்ச் கன்சோல்’ என்னும் மற்றோர் இலவசக் கருவி, எந்தச் சொற்களைத் தேடியோருக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, அவருள் எத்தனை பேர் அதைத் திறந்தனர் என்பதைக் கடந்த 16 மாதங்களுக்குத் தெரிவிக்கிறது. பலமுறை காட்டப்பட்டும் எவரும் திறவாத பக்கமாயின், அதன் தலைப்பைத் திருத்தி எழுதுதல் நன்று. மக்கள் வாயில் வழங்கும் சொல்லையே தலைப்பில் இடுவது சிறந்த விளம்பரமாகும்.

வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் இணைப்பின் வழி வருவோர், பெரும்பாலும் ‘நேரே வந்தோர்’ என்றே ஏட்டில் பதிவாவர். அனுப்பும் முகவரியின் இறுதியில் ஒரு சிறு அடையாளக் குறியைச் சேர்த்துவிட்டால், வாட்ஸ்அப் வழி வந்தவர் எத்தனை பேர், அச்சிட்ட துண்டறிக்கையின் வழி வந்தவர் எத்தனை பேர் எனப் பிரித்தறியலாம்.

விளம்பரமே கூடாது என்று நாம் கூறவில்லை. கணக்கிட்டுச் செய்க என்கிறோம். 1,000 ரூபாய் விளம்பரத்தால் 4 பேர் வாங்கினால், ஒருவரை அழைத்துவர 250 ரூபாய் செலவாயிற்று. ஒரு பொருளில் கிடைக்கும் ஆதாயம் 80 ரூபாயே எனில், ஒவ்வொரு விற்பனையிலும் 170 ரூபாய் இழப்பன்றோ? அவர்கள் மீண்டும் மீண்டும் வாங்கினாலொழிய இவ்விழப்பு ஈடாகாது. ஆயிரம் பேர் விருப்பக்குறி இட்டனர் என்னும் மகிழ்ச்சி வட்டியைக் கட்டாது.

எண்களை வாசிப்பதிலும் நிதானம் வேண்டும். வீட்டார் தம் தளத்தைத் தாமே பலமுறை திறந்து பார்ப்பதும் கணக்கில் சேரும். அதை விலக்கிவைக்க வழியுண்டு. ஒரு வாரத்தில் 2 விற்பனை 4 ஆனதைக் கொண்டு இருமடங்கு வளர்ச்சி எனத் துள்ளுதல் கூடாது. சிறிய எண்கள் தற்செயலாகவும் ஏறி இறங்கும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றத்தைச் செய்து, சில வாரங்கள் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். மேலும், ஏடு ‘எங்கே திரும்பினார்’ என்பதைக் காட்டுமேயன்றி ‘ஏன் திரும்பினார்’ என்பதைக் கூறாது. அதனை அறிய, முன்பு வாங்கிய இருவர் மூவரிடம் பணிவோடு கேட்பதே வழி.

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். பொருளை அனுப்புவதற்கென ஒருவர் தந்த கைப்பேசி எண், நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள். அவர் இசைவின்றி அதனைப் பிறருக்குத் தருவதும், அன்றாடம் விளம்பரம் அனுப்பி அவரை வருத்துவதும் முறையன்று. 2023ஆம் ஆண்டில் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், இசைவையும் நோக்கத்தையுமே அடிப்படையாகக் கொண்டுள்ளது.

பொருளைச் செய்பவர் தாயாக இருக்கலாம். கணக்கேட்டை வாசிக்கத் தெரிந்தவர் கல்லூரியில் பயிலும் மகளாக இருக்கலாம். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் இருவரும் சேர்ந்து அமர்ந்து, வந்தோர், கூடையில் இட்டோர், வாங்கினோர் என்னும் மூன்று எண்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வரட்டும். அடகுக் கடையின் படியேறும் முன், அக்குறிப்பேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தேவைப்படுவது புதிய விளம்பரமா, ஒரு வரித் திருத்தமா என்பதை அதுவே பலவேளை காட்டிவிடும்.