ரூட்டர் இயந்திரத்திற்கு எஃகுச் சட்டம்: வாங்குவதா, செய்வதா?

எண்களின் கட்டளைப்படி இயந்திரத்தை இயக்கும் முறை, 1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதன்முதலாகச் செய்து காட்டப்பட்டது. அன்று அதற்கு வெற்றிடக் குழாய்கள் நிறைந்த பெரிய சாதனம் தேவைப்பட்டது. இன்று உள்ளங்கையில் அடங்கும் மின்னணுப் பலகை ஒன்றே அப்பணியைச் செய்துவிடுகிறது. ஆகவே மரத்தையும் பிளாஸ்டிக்கையும் குறித்த வடிவில் குடைந்தெடுக்கும் சிறிய சி.என்.சி. ரூட்டர், ஆர்வலர்களின் வீடுகளிலும் பள்ளிப் பட்டறைகளிலும் இடம்பெறத் தொடங்கியிருக்கிறது.

இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறை, அதை எதன்மீது நிறுத்துவது என்பதில் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. மூலையில் கிடக்கும் பழைய மரமேசை ஒன்று அதற்குப் போதும் என்று கருதப்படுகிறது. இதன் விளைவு முதல் வாரத்திலேயே தெரியவரும். மேசை சற்று முறுக்கியிருப்பின் இயந்திரத்தின் அடிப்பலகையும் அதனோடு சேர்ந்து முறுகும். ஒரு மூலையில் ஆழமாக வெட்டும் கத்தி, எதிர்மூலையில் மேலோட்டமாகக் கீறிச் செல்லும். மேசை ஆடினாலோ, வெட்டிய பரப்பில் அலையலையாகத் தழும்புகள் விழும். குற்றம் கணினியின்மீது சுமத்தப்படும். சில மாதங்களில் இயந்திரம் துணி போர்த்தி ஒதுக்கப்படும். பொதுப்பணத்தில் வாங்கிய கருவி இவ்வாறு முடங்குவது வருந்தத்தக்கது.

இதற்குப் பரிகாரம், நிமிர்ந்து நின்று வேலை செய்யும் உயரத்திற்கு ஓர் எஃகுச் சட்டம் அமைப்பதே. அதைக் கடையில் வாங்காமல், பள்ளியோ பயிற்சி நிலையமோ தன் மேற்பார்வையில் செய்துகொள்வதே சாலச் சிறந்தது. செலவு குறையும் என்பது இதற்கு ஒரு காரணமாயினும், தலையாய காரணம் வேறு. இயந்திரவியலின் அடிப்படை விதிகளில் பெரும்பாலானவை அச்சட்டத்தில் அடங்கியுள்ளன.

முதலில் உயரத்தை எடுத்துக்கொள்வோம். முழங்கை மட்டத்திற்குச் சற்றுக் கீழே வேலைப்பரப்பு அமைந்தால் முதுகு வளைக்க வேண்டுவதில்லை. நிறுத்தும் பொத்தான் கைக்கெட்டும். அடியில் கம்பிகளுக்கும் தூசி உறிஞ்சும் கருவிக்கும் இடம் கிடைக்கும். ஆனால் இவ்வசதி விலையின்றிக் கிடைப்பதன்று. ஒரு முனை பொருத்தப்பட்ட தண்டு, மறுமுனையில் தள்ளும் விசைக்கு வளைந்து கொடுக்கும் அளவு அதன் நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும். 45 சென்டிமீட்டர்க் காலை 90 சென்டிமீட்டர் ஆக்கினால், அதே விசைக்கு அது எட்டு மடங்கு விலகும். கால்களுக்கிடையே குறுக்குச் சாய்வுத் தண்டுகளை வைத்து முக்கோணங்களாகப் பிரித்துவிட்டால் இக்குறை பெரிதும் நீங்கும். நாற்கரம் சாயும், முக்கோணம் சாயாது. வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டும் இவ்வுண்மையை, மாணவன் இங்கே தன் கையால் தள்ளிப் பார்த்தே உணர்ந்துகொள்வான்.

அடுத்து, கனமே உறுதி என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றியுள்ளது. கனம் அதிர்வைக் குறைக்க உதவும் என்பது உண்மையே; எனினும் வளையாத தன்மையை வடிவமே பெரிதும் தீர்மானிக்கிறது. 50 மில்லிமீட்டர் பக்கமும் 3 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட சதுரக் குழாய், மீட்டருக்கு ஏறத்தாழ 4.4 கிலோகிராம் எடையுள்ளது. அதே எடையுள்ள திண்மச் சதுரக் கம்பியின் பக்கம் 24 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். இவ்விரண்டில் குழாய்தான் ஏறக்குறைய எட்டு மடங்கு வளைவை எதிர்க்கும். எஃகை நடுவிலிருந்து விலக்கி ஓரத்தில் வைப்பதன் பயன் அது. மூங்கில் உள்ளீடற்றிருந்தும் உறுதியாக நிற்பதன் இரகசியமும் இதுவே.

பற்றவைப்பும் ஒரு பாடமே. உருகிய உலோகம் குளிரும்போது சுருங்கி, இணைப்பைத் தன் பக்கம் இழுக்கும். ஆகவே முதலில் எல்லா மூலைகளிலும் புள்ளிப்பற்று மட்டும் இட்டு, இரு மூலைவிட்டங்களும் சமமா என்று அளந்த பின்னரே, எதிரெதிர் மூலைகளில் மாறிமாறி முழுப்பற்று இடவேண்டும். மேற்பரப்பின் மட்டத்தை அறியக் கொத்தனார் பயன்படுத்தும் நீர்நிறைந்த தெளிகுழாயே போதும். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரு தளத்தில் அமையும். நான்காவது கால்தான் ஆட்டத்திற்குக் காரணம். எனவே கால்களின் அடியில் திருகி உயர்த்தக்கூடிய பாதங்கள் அவசியம்.

வெப்பத்தையும் மறத்தலாகாது. தகரக் கூரையின் கீழ் விடியலுக்கும் நண்பகலுக்கும் 20 பாகை வேறுபாடு இருக்குமானால், ஒரு மீட்டர் எஃகு ஏறத்தாழ 0.24 மில்லிமீட்டர் நீளும், அலுமினியமோ 0.46 மில்லிமீட்டர் நீளும். அலுமினிய அடித்தளத்தை எஃகுச் சட்டத்தில் இரு முனைகளிலும் இறுக்கிவிட்டால் அது வில்போல் வளைய நேரும். ஒரு முனையை இறுக்கி, மறுமுனையில் நீள்துளை விட்டு முடுக்குவதே முறை. முடிவில் சட்டத்தைத் தரைமின்னிணைப்புடன் இணைக்கவும் வேண்டும்.

இதற்கு மறுப்புகள் எழாமல் இல்லை. பற்றவைப்பு சிறுவர்க்கு ஆபத்து என்பது முதல் மறுப்பு. அது நியாயமானதே, பற்றவைக்கும் வேலையைப் பயிற்சி பெற்றவரே செய்யவேண்டும். ஆயினும் படம் வரைதல், அளத்தல், கணக்கிடுதல், மூலைமட்டம் பிடித்துச் சோதித்தல் ஆகியவை மாணவர்க்குரியன. பாடநேரம் வீணாகும் என்பது இரண்டாவது மறுப்பு. மும்மடி விதி, முக்கோணத்தின் உறுதி, வெப்ப விரிவு ஆகியவற்றை ஒரே பொருளில் கற்பிக்கும் நேரத்தை வீண் என்று யார் கூற இயலும்? மகாராஷ்டிரத்தின் பாபல் சிற்றூரில் 1983-இல் டாக்டர் எஸ்.எஸ். கல்பாக் நிறுவிய விஞ்ஞான் ஆசிரமம், ஊருக்குத் தேவையானவற்றைச் செய்தபடியே கற்கும் முறையைப் பல ஆண்டுகளாக நடைமுறையில் காட்டிவந்துள்ளது.

மத்திய அரசு 2016-இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கத்தின் கீழ் பதினாயிரத்திற்கு மேற்பட்ட பள்ளிகளில் செய்முறைக் கூடங்கள் நிறுவப்பட்டுள்ளன. அரசுப் பள்ளிகளில் ஐந்தாண்டுகளில் மேலும் 50,000 கூடங்கள் அமைக்கப்படும் என 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. மறுபுறம், 1950 முதல் நடைபெற்றுவரும் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் வழியாக, தொழிற்பயிற்சி நிலையங்களில் பிட்டரும் வெல்டரும் ஆண்டுதோறும் பயின்று வருகின்றனர். இவ்விரு சாராரும் ஒரே வட்டாரத்தில் இருந்தும் ஒருவரையொருவர் அறியாதிருப்பது முறையன்று. பள்ளி வரைபடத்தை அனுப்பட்டும். பயிற்சி நிலையம் அதைப் பற்றவைத்துத் தரட்டும். இரு நிலையத்து மாணவரும் கூடி மூலைவிட்டத்தை அளக்கட்டும். இதற்குப் புதிய திட்டமோ தனி ஆணையோ தேவையில்லை. ஓர் ஆசிரியரும் ஒரு களப்பணியாளரும் ஒருமுறை நேரில் சந்தித்துப் பேசினாலே வேலை தொடங்கிவிடும்.

ஆயத்தமாக வந்த இயந்திரம் பழுதானால் அதன்முன் கைகட்டி நிற்க நேரிடும். அதைத் தாங்கும் சட்டத்தைத் தாமே செய்தவர்களோ, பழுது எங்கே இருக்கக்கூடும் என்று தேடத் தொடங்குவர். அந்தத் துணிவை நம் மாணவர்க்கு அளிப்பதற்குச் சில மீட்டர் சதுரக் குழாய் அதிக விலையன்று.