சிறு மில்லிங் இயந்திரத்துக்குச் சக் வாங்குமுன்

வீட்டுப் பட்டறைக்குச் சிறு மில்லிங் இயந்திரம் வாங்கியவர் அடுத்துத் தேடுவது கட்டரைப் பிடிக்க ஒரு சக். தேடியதும் கண்ணில் படுவது ஈஆர்32 பெட்டி: சக் ஒன்று, காலெட் 18, 3 முதல் 20 மி.மீ. வரை எந்த ஷாங்கும் அடங்கும். ஒரே செலவில் வேலை முடிந்தது என்று தோன்றும். அந்தப் பெட்டியை வாங்குமுன் சற்றுப் பொறுக்கச் சொல்லவே இந்த உரை. சிறு இயந்திரத்துக்குச் சக் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது அது எவ்வளவு பெரிய கட்டரைப் பிடிக்கும் என்பதை அல்ல. ஸ்பிண்டிலின் முகத்திலிருந்து அது எவ்வளவு தூரம் கீழே தொங்குகிறது என்பதைத்தான்.

பல பெயர்களில் பல நாடுகளில் விற்கும் சீக் எக்ஸ்2 வகை இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். எண்ட் மில் 16 மி.மீ. வரை ஓட்டலாம் என்று அட்டவணை சொல்லும். எஃகில் 10 அல்லது 12 மி.மீ. கட்டரோடு நிறுத்திக்கொள்வதே அதற்கு நல்லது. சாயும் தூண் உள்ள மாதிரியில் தூண் முழுவதும் அடியில் ஒரே பெரிய நட்டின் பிடியில் நிற்கிறது. ஸ்பிண்டில் சாதாரண பால் பேரிங்கில் சுழல்கிறது. இத்தகைய இயந்திரத்தில் நமக்கு எப்போதும் பற்றாக்குறையாக இருப்பது விறைப்பு. கட்டர் முனையில் விழும் விசை ஒன்றே ஆனாலும், தொங்கும் நீளம் கூடக்கூடத் தூணையும் பேரிங்கையும் புரட்டும் திருப்பம் கூடுகிறது. தொங்கும் பகுதி வளைவதோ நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும்: நீளம் ஒன்றரை மடங்கானால் வளைவு மூன்று மடங்குக்கும் மேல். அதிர்வு, அலையலையான முகம், உடையும் கார்பைடு முனை எல்லாவற்றுக்கும் இயந்திரத்தைத் திட்டுகிறோம். பாதிப் பழி சக்கின் நீளத்துக்குப் போக வேண்டியது.

இயந்திரத்தோடு வரும் டிரில் சக்கில் எண்ட் மில்லைப் பிடித்து ஓட்டும் பழக்கத்தையும் இங்கே பேசியாக வேண்டும். அதன் மூன்று தாடைகளும் ஷாங்கை மூன்று கோடுகளில் மட்டுமே தொடுகின்றன. தாடையும் கெட்டி, ஷாங்கும் கெட்டி, வழுக்கும். சக்கையும் ஆர்பரையும் இணைப்பது பெரும்பாலும் ஒரு குட்டை டேப்பர். அதை மேலிருந்து இழுத்துப் பிடிக்க எதுவும் கிடையாது. துளையிடும்போது விசை மேல்நோக்கி அமுக்குவதால் டேப்பர் இறுகும். மில்லிங்கில் விசை பக்கவாட்டில் விழுகிறது, அதிர்வும் சேர்கிறது. சுழன்றுகொண்டிருக்கும்போதே சக் கழன்று விழக்கூடும். அலுமினியத்தில் லேசாக ஒரு வெட்டு என்றாலும் கூடாது.

நல்ல பிடி ஏன் தேவை என்பதைக் கட்டரின் வடிவமே சொல்கிறது. வழக்கமான எண்ட் மில் வலப்பக்கம் வெட்டுவது, சுருளும் வலச்சுருள். பொடியை மேலே தள்ளும் அதே சுருள், எதிர்விசையாகக் கட்டரைக் கீழே, வேலைப் பொருளுக்குள் இழுக்கிறது. பிடி தளர்ந்திருந்தால் கட்டர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஒரு முனையில் 2 மி.மீ. ஆழத்தில் தொடங்கிய காடி மறுமுனையில் 2.4 ஆகியிருக்கும், நாம் இசட் அச்சின் பூட்டைச் சந்தேகிப்போம். காலெட் முகத்தை ஒட்டி ஷாங்கில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வெட்டிப் பாருங்கள். கோடு கீழே இறங்கியிருந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

இந்த இறக்கத்துக்கு பிரிட்டனின் கிளார்க்சன் நிறுவனம் கண்ட விடை இன்றும் வியக்க வைக்கிறது. ஆட்டோலாக் சக்கில் கட்டரின் ஷாங்க் முனையில் அங்குலத்துக்கு 20 மரை. அது காலெட்டின் மரையில் ஏறி, பின்முனை சக்கினுள் உள்ள கூர்மையத்தில் அமர்கிறது. வெட்டும் விசையில் கட்டர் காலெட்டுக்குள் திரும்ப முயன்றால் அது உள்ளே ஏறும் திசையிலேயே திரும்பும். கூர்மையம் தடுப்பதால் காலெட் முன்னே தள்ளப்பட்டு மூக்கின் டேப்பரில் மேலும் இறுகும். வேலை கடினமானால் பிடியும் கடினமாகும். பழைய மைஃபோர்ட் போன்ற பிரிட்டிஷ் இயந்திரங்களோடு இந்தச் சக் உங்கள் கைக்கு வந்திருந்தால் அதை விற்காதீர்கள். புதிதாகத் தேடி வாங்கவும் வேண்டாம்: சக்கின் உடல் நீளமானது, கனமானது; மரை ஷாங்க் கட்டர்கள் இன்று அரிது; கார்பைடு கட்டர்கள் பெரும்பாலும் மரையில்லாத ஷாங்கோடுதான் வருகின்றன.

ஆகவே தேர்வு இரண்டுக்குள் வந்து நிற்கிறது: ஸ்பிண்டிலின் டேப்பரிலேயே நேரடியாக அமரும் காலெட், அல்லது ஈஆர் சக். எது என்பதை ஸ்பிண்டிலின் வாய்தான் தீர்மானிக்க வேண்டும்.

எக்ஸ்2 இரண்டு விதமான வாயோடு கிடைக்கிறது. பிரிட்ஜ்போர்ட் இயந்திரங்களால் பரவிய ஆர்8 உங்களுடையது என்றால் தயங்க வேண்டாம்; நேரடிக் காலெட்டே சிறந்தது. தொங்கும் நீளம் ஏறக்குறைய இல்லை, உயரமும் மிச்சம். அதன் டேப்பர் அகன்ற கோணம் கொண்டது. மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் திருகுத் தண்டான டிராபாரைத் தளர்த்தி லேசாகத் தட்டினால் விட்டுவிடும்.

மோர்ஸ் டேப்பர் 3 அப்படியல்ல. ஏறத்தாழ இருபதுக்கு ஒன்று என்ற சரிவு தானே பூட்டிக்கொள்ளும். வேலை நடக்கையில் ஸ்பிண்டில் சூடேறி விரியும். டிராபார் இழுவையில் காலெட் இன்னும் உள்ளே போகும். ஆறியதும் சுருங்கிக் கவ்வும். பிறகு சுத்தியல்தான். நேரடிக் காலெட் என்றால் கட்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் டிராபார் தலையில் ஓர் அடி. அந்த அடி முழுவதையும் வாங்குவது அந்தச் சிறிய பேரிங்குகள். ஓட்டத்தடத்தில் பள்ளம் விழுந்தால் எந்தச் சக்கும் காப்பாற்றாது. மோர்ஸ் வாய் உள்ளவர்களுக்கு நாம் சொல்வது ஈஆர் சக்: ஒருமுறை ஏற்றினால் அங்கேயே இருக்கட்டும், கட்டரை நட்டின் வழியே மாற்றுங்கள். தொங்கும் நீளத்தில் கொஞ்சம் இழக்கிறோம், பேரிங்கைக் காப்பாற்றுகிறோம். டிராபார் இல்லாமல் மட்டும் ஒருநாளும் ஓட்டாதீர்கள்.

ஈஆரில் எந்த அளவு? ரெகோ-ஃபிக்ஸ் என்ற சுவிஸ் நிறுவனம் உருவாக்கிய இந்த வகை பிறகு டின் 6499 தரமாயிற்று. ஈஆர்20 காலெட் 13 மி.மீ. வரை பிடிக்கும், ஈஆர்25 16 வரை, ஈஆர்32 20 வரை. 20 மி.மீ. ஷாங்க் கட்டரை இந்த இயந்திரத்தில் யாரும் ஓட்டப்போவதில்லை. ஈஆர்32 நட்டின் விட்டம் 50 மி.மீ., ஈஆர்25க்கு 42, ஈஆர்20க்குச் சுமார் 34. வைஸின் தாடைக்கும் கிளாம்புக்கும் அருகே வேலை செய்யும்போது அந்த வித்தியாசம் கையில் தெரியும். பெரிய நட்டுக்கு இறுக்கும் விசையும் அதிகம்: ஈஆர்32ஐ முறைப்படி இறுக்க 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் வேண்டும். ஸ்பிண்டில் துளையில் ஒரு மெல்லிய ஊசியைச் செருகிக்கொண்டு அவ்வளவு விசை கொடுத்தால் ஊசிதான் வளையும். எக்ஸ்2 அளவுக்கு ஈஆர்25 போதும். அதைவிடச் சிறியதற்கு ஈஆர்20. எதை வாங்கினாலும் சக்கின் உடலில் ஸ்பானர் பிடிக்கத் தட்டை முகங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு ஸ்பானரை ஒன்றுக்கு எதிராக ஒன்று வைத்து இறுக்கும்போது இயந்திரத்துக்கு எந்தச் சுமையும் போகாது.

காலெட்டைப் பெட்டியாக வாங்கத் தேவையில்லை. இந்த அளவு இயந்திரத்துக்கான மெட்ரிக் எண்ட் மில் ஷாங்குகள் பெரும்பாலும் 6, 8, 10, 12 என்றே வருகின்றன. இந்த நான்கை மட்டும் நல்ல தரத்தில் வாங்குங்கள். அங்குலக் கட்டர் கையில் இருந்தால் 7 மி.மீ. காலெட் கால் அங்குலத்தையும், 13 மி.மீ. அரை அங்குலத்தையும் பிடிக்கும்; 3/8 அங்குலத்துக்கு, அதாவது 9.525 மி.மீ.க்கு, 10 மி.மீ. காலெட்டே போதும். இந்த அளவுகளில் ஒவ்வொரு காலெட்டும் தன் அளவிலிருந்து 1 மி.மீ. கீழே வரை சுருங்கும். மேலே ஒருபோதும் விரியாது. மிச்சமாகும் பணத்தை நட்டில் போடுங்கள். மலிவுப் பெட்டிகளில் பெரும்பாலும் முதலில் ஏமாற்றுவது நட்டுதான். அதன் முகம் கோணினால் காலெட்டும் கோணும்.

காலெட்டை முதலில் நட்டுக்குள் சாய்த்துக் கிளிக் என்று உட்காரவைத்து, அதன் பிறகே சக்கில் ஏற்ற வேண்டும். நட்டின் உள்ளே உள்ள மையம் விலகிய வளையம்தான் கழற்றும்போது காலெட்டை வெளியே இழுப்பது. காலெட்டைச் சக்கில் போட்டுவிட்டு நட்டை மேலே திருகினால் காலெட்டின் விளிம்பு நசுங்கும், மையமும் போகும். ஷாங்க் காலெட்டின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது உள்ளே இருக்கட்டும். வெற்றுக் காலெட்டை இறுக்காதீர்கள்.

வாங்கி வந்ததும் டயல் இண்டிகேட்டரை வைத்து ஆட்டத்தைப் பாருங்கள். முதலில் ஸ்பிண்டிலின் உள் டேப்பரில், அடுத்துச் சக்கின் உள் டேப்பரில், கடைசியில் காலெட்டில் பிடித்த தரமான ஊசியில். இந்த வரிசை மாறினால் பிழை எங்கே என்று தெரியாது. இரண்டு பல் கட்டரைப் பல்லுக்கு 0.02 மி.மீ. ஃபீடில் ஓட்டும்போது டயல் 0.02 ஆட்டம் காட்டினால், ஒரு பல் இரண்டின் வேலையையும் செய்கிறது, மற்றது உரசுகிறது. ஆட்டம் கூடுதலாக இருந்தால் சக்கை டேப்பரில் அரைச்சுற்றுத் திருப்பி ஏற்றிப் பாருங்கள். ஸ்பிண்டிலின் பிழையும் சக்கின் பிழையும் ஒன்றையொன்று கழிக்கும் நிலை கிடைக்கலாம். அந்த நிலையை இரண்டிலும் குறித்துவைக்கவும்.

விற்பனையாளர்களிடம் ஒரு கோரிக்கை. சக் பெட்டியின் மேல் காலெட் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் அச்சிடுகிறீர்கள். ஸ்பிண்டில் முகத்திலிருந்து நட்டின் முகம் வரை எத்தனை மி.மீ., உள் டேப்பரின் ஆட்டம் எத்தனை மைக்ரான், உடலில் ஸ்பானர் முகம் உண்டா என்ற மூன்றையும் சேர்த்து அச்சிடுங்கள். வாங்குபவர்களும் இந்த மூன்றையும் கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.