வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது எதற்கு?

'ஸ்கேன்தான் எடுத்தாயிற்றே, செவிலியர் ஏன் வயிற்றை அழுத்திப் பார்க்கிறார்?' என்று எண்ணுகிறீர்களா? ஐந்தாம் மாத ஸ்கேன், ஒன்பதாம் மாதத்தில் குழந்தை கிடக்கும் நிலையைச் சொல்லாது. 28ஆவது வாரத்தில் ஏறத்தாழ நான்கைந்து குழந்தைகளுள் ஒன்று தலைமேலாக இருக்கும். நிறைமாதத்திலோ நூற்றுக்கு மூன்று, நான்குதான்.

ஜெர்மானிய மருத்துவர் லியோபோல்டு (1846–1911) வகுத்த முறை இது. சிறுநீர் கழித்துவிட்டு, முழங்காலைச் சற்றே மடக்கி மல்லாந்து படுக்க வேண்டும். வயிறு மட்டும் திறந்திருந்தால் போதும்; கூச்சமெனில் பெண் செவிலியரைக் கேளுங்கள். கருப்பையின் உச்சியில் கெட்டியாய், உருண்டையாய், தனித்து அசைவது தலை. மென்மையாய், உடலோடு சேர்ந்தே அசைவது பிட்டம். பக்கவாட்டில் வழவழப்பாக நீண்டிருப்பது முதுகு. சிறு முண்டுகளாய்த் தட்டுப்படுபவை கைகால்கள். இறுதியாக அடிவயிற்றில், தலை இடுப்பெலும்புக்குள் இறங்கியதா என அறிவர்.

பருத்த வயிற்றிலும் பனிக்குட நீர் மிகுந்த வயிற்றிலும் கை ஏமாறும். 36ஆவது வாரத்திற்குப்பின் ஐயம் எழுந்தால் ஸ்கேனே தீர்த்துச் சொல்லும். குறுக்கே கிடக்கும் குழந்தை தானாகப் பிறக்க இயலாது. பனிக்குடம் உடைந்தால் தொப்புள்கொடி முன்னே சரியும் அபாயமும் உண்டு.

வீட்டுப் பெரியவர்கள் எண்ணெய் தடவித் திருப்ப முனைந்தால் தயவுசெய்து இணங்காதீர்கள். நச்சுக்கொடி பிரிந்து, தாய்சேய் இருவர் உயிருக்கும் கேடாகலாம். மருத்துவர்கூட அறுவைக்கு ஆயத்தம் செய்துகொண்டே, குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனித்தபடி திருப்புகிறார். அதிலும் பாதியளவே வெற்றி. எனவே 36ஆவது வாரத்தில், "தலை கீழே இருக்கிறதா?" என்று நீங்களே கேட்டு, விடையைக் கர்ப்பகால அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.